பாத்திரங்கள் உறங்கும் நாள்

எழுபதுகளின் கடைசியில், லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்பில் இருந்தபோது, நான் ஒரு நாட்டை உண்டாக்கினேன். அதில் இரண்டு நிலாக்கள் இருந்தன. மலைகள், ஒரு உப்பு ஏரி, பறக்கத் தெரிந்தும் சோம்பலால் நடந்தே போகும் ஒருவகை நாகம், எல்லாம் இருந்தன. மனிதர்கள் மட்டும் இல்லை. மனிதர்களைப் பற்றி யோசிப்பதற்குள் விடுமுறைகளைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அதிலிருந்து கடைசிவரை மீள முடியவில்லை.

இதற்கு என் உத்தியோகத்தைத்தான் சொல்ல வேண்டும். என் செக்‌ஷனுக்கு வரும் ஃபைல்களில் பாதி, அடுத்த வருஷம் எந்தெந்த நாளில் அலுவலகங்கள் மூடியிருக்கும் என்பதைப் பற்றியவை. ‘சந்திரன் தென்படுவதைப் பொறுத்து மாறுதலுக்கு உட்பட்டது’ என்று நான் எழுதிய தடவைகளைக் கணக்கெடுத்தால், காதல் கவிதை எழுதுகிறவர்கள்கூட சந்திரனோடு அவ்வளவு பழகியிருக்க மாட்டார்கள். பண்டிகை ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டால் அதற்கு ஈடாக வேறு நாள் கிடையாது என்று பதில் போடுவதும் நான்தான். இப்படிப்பட்டவன் கையில் ஒரு நாடு கிடைத்தால் என்ன செய்வான்? பண்டிகை ஓய்வு நாளில் வந்தால் மறுநாள் விடுமுறை என்று முதல் சட்டத்தை எழுதினேன். நடந்து போகும் நாகத்தை என் செக்‌ஷனில் எல்லோரும் நம்பியிருப்பார்கள். இதைச் சொல்லியிருந்தால்தான் கட்டுக்கதை என்றிருப்பார்கள்.

அந்த நாட்டில் ஐந்து பருவங்கள். முதலாவது புழுதிக்காலம். முதல் புழுதிக்காற்று அடிக்கும் நாள் பண்டிகை. வீட்டுக்குள் படியும் புழுதியில் அவரவர் தமக்கு யார் மேல் கோபம் என்று விரலால் எழுதிவிட வேண்டும். மாலைவரை யாரும் துடைக்கக் கூடாது. அடுத்தது அனல்காலம். அதில் பண்டிகை கிடையாது, உயிரோடு இருப்பதே போதும் என்று விட்டுவிட்டேன். பிறகு புழுக்கக்காலம். அதன் நடுவில் போன வருஷத்து மழைக்காக அரசன் மன்னிப்புக் கேட்கும் நாள் வரும். மழை அதிகமானாலும் கேட்க வேண்டும், குறைந்தாலும் கேட்க வேண்டும். மூடுபனிக்காலத்தில் ஒரு நாள், எதிரே வருகிறவர் தெரிந்தவராக இருந்தாலும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டிய அவசியமில்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்காக ஏற்பட்ட பண்டிகை அது. நாட்டின் ஒரே பிரஜையான நான் அதை மிகவும் எதிர்பார்த்திருந்தேன்.

“இது நம்ம டில்லிதானே?” என்றாள் மனைவி, பருவங்களைப் படித்துவிட்டு. “ஆந்திப் புழுதி, லூ அனல், புழுக்கம், பனிமூட்டம். ரெண்டாவது நிலாவை மட்டும் புதுசா வாங்கிப் போட்டிருக்கீங்க.”

இல்லை என்று வாதாடினேன். ஐந்தாவது பருவத்தைக் காட்டினேன். மழை விட்டுவிடும், குளிர் இன்னும் வந்திருக்காது. வெயில் மேலே படுவது தெரியாது. அந்தப் பருவத்துக்கு நான் பெயரே வைக்கவில்லை.

“கூலரை இறக்கியாச்சு, ரஜாய்ப் போர்வையை இன்னும் எடுக்கலை. அக்டோபர்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பெயரில்லாத பருவத்தில்தான் சின்ன நிலா பெரிய நிலாவுக்குக் குறுக்கே கடந்து போகும். மலைக்கடியில் படுத்திருக்கும் ஒரு ராட்சசனுக்கு அன்றைக்குத் தூக்கம் லேசாக இருக்கும். கரண்டி விழுந்தால்கூட எழுந்துவிடுவான். ஆகையால் ஊரில் உள்ள எல்லாப் பாத்திரங்களையும் துணி விரித்து அதன் மேல் கவிழ்த்துவிடுவார்கள். இதற்குக் கலம் உறங்கும் நாள் என்று பெயர் வைத்திருந்தேன். எழுதும்போது எனக்கே அது பரவாயில்லாத கற்பனை என்று பட்டது.

இதெல்லாம் வெளியானது ஒரு கையெழுத்துப் பத்திரிகையில். எங்கள் பிளாக்கில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து அதை நடத்தின. சேர்ந்து என்றால், கீழ் வீட்டுக்காரர் நடத்தினார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட வயதிலும் உத்தியோகத்திலும் பெரியவர், முத்து முத்தான கையெழுத்து. எங்கள் கிறுக்கல்களையெல்லாம் அவரே நல்ல காகிதத்தில் பிரதி எடுத்துத் தைத்து, வீடு வீடாக அனுப்புவார். ஒரே ஒரு பிரதிதான். அது சுற்றிவிட்டு எங்களிடம் வரும்போது அட்டை முழுக்கக் காப்பி டம்ளர் வைத்த வட்டங்கள் இருக்கும். எந்த வீட்டில் அதிக நாள் தங்கியது என்பதை வட்டங்களை வைத்தே சொல்லிவிடலாம். படித்ததற்கான அடையாளம் மட்டும் இருக்காது. பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டவே வராது. பெரியவர்களுக்கு வரும், நேரம் வராது.

என் மனைவி மட்டும் பண்டிகைப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். கலம் உறங்கும் நாள் நம்முடைய தேதியில் எப்போது வருகிறது என்று கேட்டாள். அந்தக் கணக்கெல்லாம் நான் தயாராக வைத்திருந்தேன். அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை என்றேன்.

ஊரிலிருந்து காசிக்கும் ஹரித்துவாருக்கும் போகிறவர்களுக்கு டில்லியில் இருக்கும் சொந்தக்காரர் வீடு ஒரு ஜங்ஷன். போகும்போது நான்கு நாள், வரும்போது நான்கு நாள், நடுவில் தாஜ்மகால். அந்த அக்டோபரில் எங்கள் வீட்டில் இரண்டு கோஷ்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து போயின. கடைசிக் கோஷ்டி புதன்கிழமை சாயங்காலம் ரயில் ஏறியது. வியாழக்கிழமை காலை எழுந்து பார்த்தால் சமையலறைத் தரையில் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து, வீட்டில் இருந்த அத்தனை பாத்திரங்களையும் அதில் கவிழ்த்துவிட்டு, மனைவி நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

“உங்க நாட்டுல இன்னிக்கு லீவு” என்றாள்.

அப்போதுதான் பாத்திரம் தேய்க்கும் அம்மாள் உள்ளே வந்தாள். தென்னார்க்காட்டுக்காரி, நாற்பது வயதிருக்கும். கணவன் கட்டட வேலை. ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நாலா எனும் சாக்கடை ஓரத்துக் குடிசையிலிருந்து தினம் நடந்து வந்து எங்கள் பிளாக்கின் ஐந்து தமிழ் வீடுகளுக்கும் வேலை செய்துகொண்டிருந்தாள். கவிழ்ந்து கிடந்த பாத்திரங்களைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“யாராச்சும் தவறிட்டாங்களாம்மா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அதெல்லாம் இல்ல. பாத்திரம் தூங்குது. இன்னிக்குத் தொடக் கூடாது. சத்தம் கேட்டா மலைக்கடியில ராட்சசன் முழிச்சுப்பான்.”

“எந்த மலைம்மா?”

“சாரோட மலை. சார் கதை எழுதியிருக்கார்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். “அப்ப எனக்கு வேலை இல்லியாம்மா?” என்றாள். இல்லை என்றாள் மனைவி. அந்த அம்மாள் எதிர் வீட்டுக் கதவைத் தட்டப் போனாள். அங்கே நடந்ததை அவளே பின்னால் எங்களிடம் சொல்லியிருக்கிறாள். அதுவும் ஒவ்வொருவர் குரலிலும் பேசிக் காட்டி.

எதிர் வீட்டம்மாள் திருநெல்வேலி. எங்கள் ஐந்து வீட்டில் எல்லாவற்றிலும் கறார் அவர்தான். பாத்திரம் தேய்க்கிற பவுடரை அள்ளிக் கொட்டுகிறாள், வேறு ஆளைப் பார்க்கப் போகிறேன் என்று வாரம் ஒரு தடவை சொல்வார்.

“இன்னிக்குப் பாத்திரம் தூங்குற நாளாமே, உங்க வீட்ல இல்லீங்களாம்மா?” என்று இவள் கேட்டிருக்கிறாள்.

டில்லித் தமிழர்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நாங்கள் ஐந்து வீடும் ஐந்து ஜில்லா. ஐந்து தமிழ், ஐந்து சாம்பார். ஊரை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அந்த ஊர்ப் பழக்கங்களில் எதை மறந்தோம் என்பதும் மறந்துவிட்டது. பக்கத்து வீட்டில் ஒரு கோலம் கூடுதலாகத் தெரிந்தால் போதும், இன்றைக்கு என்ன விசேஷம், நமக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று காலண்டரைப் புரட்ட ஆரம்பித்துவிடுவோம். கேட்கவும் முடியாது. கேட்டால் தெரியாது என்பது தெரிந்துவிடும்.

எதிர் வீட்டம்மாள் ஒரு வினாடிதான் யோசித்தாராம். “தெரியாம என்ன? எங்க ஊர்ல வெளக்கு வச்ச பொறவுதான் கவுத்துறது. சரி, எல்லாரும் காலைலயே கவுத்தியாச்சுன்னா நாம மட்டும் நிக்கவா முடியும்?” என்று உள்ளே போய்க் கவிழ்த்துவிட்டார்.

மாடியில் கோயம்புத்தூர்க்கார அம்மாள். “எங்க பக்கம் இதை ஆடியிலயே முடிச்சுருவோமுங்க. இருக்கட்டும், இன்னொருக்காச் செஞ்சா ஒண்ணும் ஆகிடாது” என்றிருக்கிறார். அதற்குப் பக்கத்து வீட்டில் மதுரைக்கார டீச்சரம்மாள், பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தவர், “அச்சா, டீக் ஹை” என்று சொல்லிப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். கீழே பத்திரிகாசிரியர் வீட்டில்தான் விஷயம் ஆழமாகப் போயிற்று.

“எங்க பொறந்தாத்துல இது பரம்பரையா உண்டு” என்றாராம் பத்திரிகாசிரியரின் மனைவி. “மஞ்சத் துணியிலதான் கவுக்கணும். மேல வீட்டுல என்ன துணி?”

“பெட்ஷீட்டும்மா.”

“ஆகாது. போய்ச் சொல்லு.”

அன்று மாலை அலுவலகத்திலிருந்து திரும்பும்போது பத்திரிகாசிரியர் மாடிப்படி அடியில் எனக்காகக் காத்திருந்தார்.

“எங்காத்துல பாத்திரமெல்லாம் மஞ்சத் துணியில படுத்துண்டிருக்கு ஓய்” என்றார்.

“கேள்விப்பட்டேன் சார்.”

“நாலாவது அத்தியாயம்.”

“ஆமா சார்.” என் எழுத்தை ஒருவர் அத்தியாய எண்ணோடு சொன்னதில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. “நீங்க வீட்டுல சொல்லலையா?”

“எப்படிச் சொல்றது? அவ பரம்பரையா உண்டுங்கறா. போன மாசம் நான்தான் ஃபேர் காப்பி எடுத்தேன்னு சொன்னா, யாரோட பரம்பரை கெட்டுப்போகும்?” வீட்டுப் பக்கம் திரும்பினார். “சாப்பாட்டுக்கு என்ன?”

“எங்க வீட்டுல அவல்.”

“எங்காத்துலயும் அதான்” என்று உள்ளே போனார்.

அடுத்த வருஷம் யாரும் யாரையும் கேட்கவில்லை. தேதியை மட்டும் எங்கள் வீட்டில் விசாரித்துக்கொண்டார்கள். ஐந்து வீட்டிலும் மஞ்சள் துணி. என் மனைவியும் மஞ்சள்தான் விரித்தாள். “பெட்ஷீட் ஆகாதாம்” என்றாள், முகத்தில் ஒன்றும் காட்டாமல். பிள்ளைகள், பாத்திரத்துக்கு இந்தியில் உள்ள பெயரால், அதற்கு பர்த்தன் டே என்று பெயர் வைத்தார்கள். பக்கத்து பிளாக் பஞ்சாபிக்காரர் மதராசிகளின் பர்த்தன் பூஜைக்கு வாழ்த்துச் சொல்லி ஒரு பெட்டி லட்டு கொடுத்தனுப்பினார். தட்டில் வைத்துச் சாப்பிட வழியில்லாததால் பெட்டியிலிருந்தே சாப்பிட்டோம்.

மூன்றாவது வருஷம், பண்டிகைக்குச் சில வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாத்திரம் தேய்க்கும் அம்மாள் வேலையை முடித்துவிட்டுப் போகாமல் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். மூடுபனிக்காலத்துக்கு இன்னொரு பண்டிகை தேவையா என்று நான் ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

“சார், அந்தப் பாத்திரம் தூங்குற நாளை நாலு நாளா ஆக்க முடியுமா?”

“நாலு நாளா? எதுக்கு?”

அவளுடைய மூத்த மகளை மதுராவுக்கு அப்பால் ஒரு பாலம் கட்டுகிற இடத்தில் வேலை செய்யும் பையனுக்குக் கொடுத்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஏழாவது மாதம். பாலத்தடியில் தகரக் கொட்டகையில் இருக்கிறாள். டாக்டர் கிடையாது, தண்ணீர் லாரியில் வருகிறது. வரப்போகும் குளிரில் அங்கேயே பிரசவமானால் என்ன ஆகுமோ என்று அவளுக்குத் தூக்கமில்லை. போய் நாலு பேர் முன்னால் வளையல் போட்டு, மாப்பிள்ளையையும் அவனுடைய மேஸ்திரியையும் சம்மதிக்க வைத்துக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். ஒரு நாளில் முடிகிற காரியமில்லை.

“நாலு நாள் லீவு எடுத்துக்கோயேன். வீட்டுக்கு வீடு நானே சொல்றேன்” என்றேன், பெருந்தன்மையாக.

“லீவுன்னா வேற ஆளை வெச்சிருவாங்க சார். போன மழைக்குக் காய்ச்சல்ல படுத்தேன். எந்திரிச்சு வந்தா அந்தப் பக்கத்து பிளாக்குல ரெண்டு வீடு போயிருச்சு. இந்த அஞ்சும் போச்சுன்னா மவளைக் கூட்டியாந்து என்னாத்த ஆக்கிப் போடுறது? பண்டிகைன்னா யாரும் ஆள் வெக்க மாட்டாங்க.”

“அதை என்கிட்ட கேட்டா எப்படி?”

“நீங்க எழுதுனதுதானே? அம்மா சொன்னாங்களே.”

“எழுதினதுதான். ஆனா சின்ன நிலா பெரிய நிலாவைத் தாண்ட ஒரு ராத்திரிதான் ஆகும்.”

“மெதுவாப் போகச் சொல்லுங்க.”

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “நாட்டுக்கே சொந்தக்காரர். ஒரு நிலாவை நாலு நாள் நிறுத்த மாட்டாராம்.”

நிறுத்துவதில் ஒன்றுமில்லை, முறைப்படி நிறுத்த வேண்டும் என்றேன். அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து ஒரு புது அத்தியாயம் எழுதினேன். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை சின்ன நிலாவுக்குக் களைப்பு வந்துவிடும். பெரிய நிலாவின் எதிரே வந்ததும் நான்கு நாள் அப்படியே நின்றுவிடும். அந்த நான்கு நாளும் பாத்திரங்கள் எழுந்திருக்கக் கூடாது. பெருந்துயில் என்று பெயர். எடுத்துக்கொண்டு கீழ் வீட்டுக்குப் போனேன்.

பத்திரிகாசிரியர் பென்சிலோடு படித்தார். பாதியில் நிமிர்ந்தார்.

“இது நிக்காது ஓய்.”

“ஏன் சார்?”

“நிலா ஒரே இடத்துல நின்னா உப்பு ஏரி வத்திடும்னு ரெண்டாவது அத்தியாயத்துல எழுதியிருக்கேளே.”

“அது யாருக்கு சார் ஞாபகம் இருக்கப் போறது?”

“எனக்கு இருக்கே.”

விஷயத்தைச் சொன்னேன். பாலம், தகரக் கொட்டகை, ஐந்து வீடு, எல்லாம். அவர் இரக்கமில்லாதவர் அல்ல. பென்சிலைக் கீழே வைத்தார். “பாவம்தான். அதுக்காக ஒரு ஏரியை வத்த விடறதா?” என்றார். பிறகு, “அதை விடும். இந்த இதழ் தைச்சு வெளியில வரதுக்குள்ள உம்ம பண்டிகை முடிஞ்சு போயிடும். இதை எந்த வீட்டுல யார் படிச்சு, எந்தப் பாத்திரத்தைக் கவுக்கப் போறா?” என்றும் கேட்டார். அது உண்மைதான்.

மறுநாள் அந்த அம்மாளிடம், மேலிடத்தில் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அலுவலகத்தில் பழகிய வாக்கியம் தானாக வந்துவிட்டது. அவள் “சரி சார்” என்று சொல்லிவிட்டுத் தேய்க்கப் போனாள்.

இரண்டு நாள் கழித்துப் பத்திரிகாசிரியரின் மனைவி எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார்.

“இந்த வருஷம் நாலு நாள், தெரியுமோன்னோ?” என்றார் என் மனைவியிடம். “மூணு வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய தூக்கம். எங்க பொறந்தாத்துல விட்டதே கிடையாது.”

“அப்படியா மாமி? எனக்கு யாருமே சொல்லலையே” என்றாள் மனைவி. நான் சட்டைப் பொத்தானைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது என்ன என்று மனைவி பிறகு விசாரித்துச் சொன்னாள். அந்த அம்மாள் கீழ் வீட்டில் தேய்த்துக்கொண்டே, “உங்க வீட்லதாம்மா எல்லாம் முறையாத் தெரியும். மூணாவது வருசம் ஒரு நாளா, நாலு நாளாம்மா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க” என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான் கேட்டது. அங்கே நாலு என்று பதில் கிடைத்ததும் எதிர் வீட்டில் போய், “கீழ் வீட்டம்மா நாலுங்கறாங்க” என்றிருக்கிறாள்.

“எங்க ஊர்ல அஞ்சு” என்றாராம் எதிர் வீட்டம்மாள். “அவுகளுக்கு நாலு போதும்னா நாலே இருந்துட்டுப் போட்டும்.”

ஒரு நாளைக்கு அவலும் பழமும் சரி. நான்கு நாளைக்கு என்ன செய்வது என்ற கவலை ஐந்து வீட்டிலும் எழுந்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து தையல் இலைக் கட்டுகள் வந்தன. ஆனால் இலையில் சாப்பிடலாம், இலையில் ரசம் கொதிக்காது. இங்கேதான் பத்திரிகாசிரியர் உதவிக்கு வந்தார். அவருக்கு மூலம் மனப்பாடம். சத்தம்தான் கூடாது, சமைக்கக் கூடாது என்று எந்த வரியிலும் இல்லை. இதை அவர் தம் மனைவியிடம் எங்கேயோ கேள்விப்பட்டதாகச் சொல்லி வைத்தார். ஆகவே அத்தியாவசியமான பாத்திரங்களை மட்டும் எழுப்பிச் சமைத்துவிட்டு, சத்தமில்லாமல் தேய்த்து மறுபடி படுக்க வைத்துவிடலாம் என்று ஏற்பட்டது.

சத்தமில்லாமல் யார் தேய்ப்பது? அந்த அம்மாள் வரக் கூடாது. அவள் தேய்த்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஆண்கள்தான் என்று பெண்கள் முடிவு செய்தார்கள். “ஆபீஸ்ல அவங்க வேலை செய்யற சத்தம் யாருக்காவது கேட்டிருக்கா?” என்று என் மனைவி காரணம் சொன்னாள்.

அந்த நான்கு நாளும் காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில், மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் ஐந்து பேர் அவரவர் வீட்டுச் சமையலறையில் குந்தி உட்கார்ந்து, குழாயை நூல் அளவுக்குத் திறந்து, நனைந்த துண்டை விரித்து அதன் மேல் பாத்திரம் தேய்த்தோம். ஒரு வாணலியின் அடிப்பிடியைச் சத்தமில்லாமல் எடுப்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அதற்குள் பஸ் போய்விடும். இரண்டாம் நாள் பத்திரிகாசிரியர் கையிலிருந்து இட்லிப் பானை மூடி நழுவியது. பிளாக் முழுக்கக் கேட்டது. எல்லோரும் பால்கனிக்கு வந்து கீழே பார்த்தார்கள்.

“போறது விடுங்கோ” என்று உள்ளேயிருந்து அவர் மனைவி சொல்வது கேட்டது. “மூடி பாத்திரத்துல சேத்தி இல்லை.”

அந்த அம்மாள் மதுராவுக்குப் போயிருந்தாள். அதற்குள் வேறு ஆள் வந்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். மூன்றாம் நாள் காலை பயந்தபடியே ஆயிற்று. யாரோ ஒரு பெண், வடக்கத்திக்காரி, மதராசி வேலைக்காரி சில நாளாக வரவில்லை என்று எப்படியோ தெரிந்துகொண்டு படியேறி வந்தாள். முதலில் தட்டியது எதிர் வீட்டை. வாரம் ஒரு தடவை வேறு ஆள் பார்க்கப் போவதாகச் சொல்லும் வீடு. நான் கையில் கரித்துணியோடு எங்கள் கதவோரம் வந்து நின்றேன்.

“காம்வாலி நஹீன் ஆயி, பீபிஜி?” என்று, வேலைக்காரி வரவில்லையா என்ற அர்த்தத்தில், கேட்டாள் அந்தப் பெண். தான் செய்து தருவதாகவும், குறைத்தே கேட்பதாகவும் மளமளவென்று சொன்னாள்.

எதிர் வீட்டம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். அவருடைய இந்தி, காய்கறிக்காரனோடு மட்டும் பழகிய இந்தி.

“பர்த்தன் ஸோ ரஹா ஹை” என்றார், பாத்திரம் தூங்குகிறது என்பதை.

“க்யா?”

“பர்த்தன். ஸோ ரஹா ஹை. நாலு தின்.”

அந்தப் பெண் அவர் தோளுக்கு மேலாக எட்டி உள்ளே பார்த்தாள். மஞ்சள் துணியில் வரிசை வரிசையாகப் பாத்திரங்கள் கவிழ்ந்து படுத்திருந்தன. அப்பால் வீட்டுக்காரர், அடுத்த பதவி உயர்வில் அண்டர் செக்ரட்டரி ஆகப் போகிறவர், பனியனோடு குந்தி உட்கார்ந்து, ஒரு குழிக்கரண்டியைப் பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது போலத் தடவித் தடவிக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் மெதுவாகப் பின்வாங்கினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலால் படியிறங்கிப் போனாள். வேறு எந்த வீட்டையும் தட்டவில்லை.

ஐந்தாம் நாள் பாத்திரங்கள் எழுந்துகொண்டன. அந்த அம்மாள் வரவில்லை.

எட்டு மணி ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. நான் அலுவலகத்துக்குக் கிளம்பாமல் செருப்பைத் தேடுகிற மாதிரி சுற்றிச் சுற்றி வந்தேன். மாடியில் கோயம்புத்தூர்க்கார அம்மாள் பால்கனியிலிருந்து, “வரலீங்களா? யாரையாச்சும் பார்த்து வெச்சுக்கலாமுங்களா?” என்று கேட்டார். என் மனைவி பதில் சொல்வதற்குள் எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

“எதுக்கு ஆளு?” என்றார் எதிர் வீட்டம்மாள் மேலே பார்த்து. “எங்க ஊர்ல அஞ்சு நாள்னு அன்னைக்கே சொன்னேம்லா. யாரு கேட்டா? நாலோட எந்திரிச்சுட்டா அது என்ன தூக்கம்? எல்லாத்தையும் மறுபடி கவுத்துங்க.”

கீழ் வீட்டிலிருந்து எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். பத்திரிகாசிரியரின் மனைவி வாசலுக்கு வந்து நின்றார். “அஞ்சும் உண்டு, சில பேராத்துல” என்று சொல்லிவிட்டு மஞ்சள் துணியை உதற ஆரம்பித்தார். நான் துண்டை நனைத்தேன்.

மாலையில், நாங்கள் அலுவலகத்திலிருந்து திரும்பும் வேளைக்கு, அந்த அம்மாள் வந்தாள். மாப்பிள்ளையை மேஸ்திரி விடவில்லையாம், வாக்குவாதமாம், கடைசியில் மகளை மட்டும் லாரியில் ஏற்றிக்கொண்டு, பிறகு ரயில். மகள் மாடிப்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். இவ்வளவு சின்னப் பெண் என்று நான் நினைத்திருக்கவில்லை. மனைவி அவளுக்குக் காப்பி கொடுத்தாள். தாய் உட்காரவில்லை. எங்கள் வீட்டு வாசல், எதிர் வீட்டு வாசல் என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எத்தினி வீடும்மா போச்சு?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் போகல. இன்னிக்கும் லீவுதான்.”

“நாலு நாள்தானேம்மா?”

“எதிர் வீட்டம்மா ஊர்ல அஞ்சாம்.”

“அவுங்களா?” என்றாள். அதற்குப் பிறகுதான் மகளின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மனைவி இன்னொரு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

மூடுபனிக்காலத்தில், பெரிய ஆஸ்பத்திரியில், அந்தப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தது விடியற்காலை. பாட்டியானவள் அன்று பிற்பகல் ஐந்து வீட்டிலும் பாத்திரம் தேய்த்தாள். லீவு வேண்டுமா என்று என் மனைவி கேட்டதற்கு, தேவையில்லை, எல்லாம் நல்லபடி ஆகிவிட்டது என்றாள்.

ஐந்து வீட்டாரும் ஒருவரை ஒருவர் கலந்துகொள்ளாமல் குழந்தைக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் பாத்திரம் வாங்கினோம். நாங்கள் ஒரு தூக்கு. எதிர் வீட்டில் அடுக்கு, அதுவும் மூடியோடு. கீழ் வீட்டில் பெரிய தாம்பாளம். மாடி வீடுகளில் ஒரு குண்டான், ஒரு தண்ணீர்ச் சொம்பு. எல்லாவற்றையும் ஒரு துணியில் மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டவள், வாசலில் என்னைப் பார்த்ததும் நின்றாள்.

“ரொம்ப சந்தோசம் சார்” என்றாள். “இத்தனையும் எங்க வீட்ல யாரு தேய்க்கிறது?”